வயதின் பொருட்டு விலக்கப்படுதல்

சாதியின் பொருட்டோ பாலின் பொருட்டோ ஒருவருக்கு வேலை மறுக்கப்படுமாயின், அது அநீதி என்பதை நாம் உடனே உணர்ந்துகொள்கிறோம். வயதின் பொருட்டு மறுக்கப்படும்போதோ, அதனை இயற்கையின் நியதி என்று எண்ணி அமைந்துவிடுகிறோம். முதுமை எல்லோருக்கும் வருவதுதானே, இதில் பாரபட்சம் எங்கே என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதையும், வயதுபற்றிய முறையீடுகள் எழும்போது வேலைகொடுப்போர் அவற்றை எவ்விதமாய்க் கையாளுகின்றனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் இது தொலைவான பொருள் அன்று. ஞாயிறுதோறும் நம் முன் அமர்ந்திருப்போரில் இக்காரணத்தால் வேலை இழந்தவர்கள் உண்டு. பள்ளிகளையும் விடுதிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தும் திருச்சபையின் பெயரால் நாமும் வேலைகொடுப்போராக இருக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் வட்டத்தைச் சேர்ந்த திருவக்கரையை மக்கள் வக்கிரகாளியம்மன் கோயிலுக்காகவும் கல்மரங்களுக்காகவும் அறிவர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாத்துவரும் அங்குள்ள பூங்காவில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்பட்ட மரங்கள் கல்லாய் மாறிக் கிடக்கின்றன. அதே ஊரின் சுற்றுப்புறத்தில் கருங்கல் குவாரிகளும் ஜல்லி அரைக்கும் கிரஷர்களும் உள்ளன. மரத்தின் வயதைக் கணித்துச் சொல்லும் ஊரில், கல்லுடைக்கும் மனிதரின் வயது பெரும்பாலும் ஊகமாகவே இருக்கிறது. சுரங்கங்களிலும் குவாரிகளிலும் வேலைசெய்வோரின் பெயர், வயது, வேலையில் சேர்ந்த நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும் என்று 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் விதித்தது. ஆனால் லோடுக் கணக்கில் கூலி வாங்குபவருக்குப் பதிவேடும் இல்லை, சேர்ந்த நாளும் இல்லை.

இத்தகைய இடங்களில் முதியவரை யாரும் பணிநீக்கம் செய்வதில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். காலையில் ஆட்களைப் பிரிக்கும்போது மேஸ்திரி அவரை அழைக்காமல் விட்டுவிடுகிறார், அவ்வளவே. இரண்டு நாள் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவர் வராமற்போகிறார். நீக்கிய ஆணை இல்லாத இடத்தில் முறையீடு எங்கிருந்து எழும்?

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். மேஸ்திரி கேட்டால் 'ஐம்பது' என்று சொல்லும் அதே மனிதர், வட்டாட்சியர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கும்போது அறுபதைத் தாண்டியவர் ஆகிறார். 2023 முதல் மாதம் 1,200 ரூபாயாக வழங்கப்பட்டுவரும் அவ்வுதவித்தொகையைப் பெற அறுபது நிறைந்திருக்கவேண்டும். இதனைப் பொய் என்று கடிந்துகொள்ளுமுன், ஒரே மனிதரிடம் ஓரிடம் இளமையையும் மற்றோரிடம் முதுமையையும் விலையாகக் கேட்கும் ஏற்பாட்டை நாம் நோக்கவேண்டும்.

இனி, சட்டம் என்ன கூறுகிறது? நமது அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, அரசுப் பணியில் மதம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறப்பிடம், குடியிருப்பு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் வயது இல்லை. தனியார் துறையில் வயதுப் பாகுபாட்டைத் தடைசெய்யும் தனிச்சட்டமும் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 1967-இலேயே நாற்பது வயதைக் கடந்தோருக்காக அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 2000-ஆம் ஆண்டின் நெறிமுறைக்குப் பின் இதனை ஏற்றுக்கொண்டன. நம்மிடையே அவ்வாறு இல்லாமையால் வயதைப்பற்றிய வழக்கு தன் சொந்தப் பெயரில் நீதிமன்றத்திற்குச் செல்வது அரிது. பால் பாகுபாடு என்றோ, பிறந்த தேதித் திருத்தம் என்றோ, முறையற்ற ஆட்குறைப்பு என்றோ வேற்றுப் பெயரில்தான் அது சென்று நிற்கிறது.

பால் பாகுபாடு என்ற பெயரில் சென்ற வழக்குகளில் புகழ்பெற்றது, உச்ச நீதிமன்றம் 1981 ஆகஸ்டில் தீர்ப்பளித்த ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்காகும். நர்கீஸ் மீர்சா வழக்கு என்று இது வழங்கப்படுகிறது. அந்நிறுவனத்தின் விதிப்படி விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வுபெறவேண்டும். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டாலும், முதல் முறை கருவுற்றாலும் அதற்கு முன்னரே விலகவேண்டும். மேலாண்மை இயக்குநர் விரும்பினால் ஆண்டுக்கு ஓர் ஆண்டாக 45 வரை நீட்டிப்பு அளிக்கலாம். அதே விமானத்தில் பணிசெய்த ஆண்களின் ஓய்வு வயதோ 58. கருவுற்றதற்காக வேலைநீக்கம் செய்வதையும், நீட்டிப்பை இயக்குநரின் விருப்பத்திற்கு விட்டதையும் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. ஆனால் 35 என்ற வயதும், நான்கு ஆண்டுத் திருமணத் தடையும் நிலைத்துவிட்டன. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு பணிப்பிரிவினர், ஆகவே ஒப்பிடுதல் பொருந்தாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இத்தீர்ப்பில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது நீட்டிப்புபற்றிய பகுதியாகும். வயது வரம்பை வைப்பதைக் காட்டிலும், வரம்பைக் கடந்தவரை ஒருவருடைய தயவில் நிறுத்திவைப்பது கொடியது. ஆண்டுதோறும் நீட்டிப்பை எதிர்நோக்கியிருப்பவர் குறைகூறமாட்டார், சங்கத்தில் சேரமாட்டார், கணக்கில் தவறு கண்டாலும் வாய்திறவார். இப்பழக்கம் விமான நிறுவனத்தோடு முடிந்துபோகவில்லை. ஓய்வுபெற்றபின் 'கௌரவ' ஊழியராய் ஆண்டுக்காண்டு அமர்த்தப்படுவோரை நமது நிறுவனங்களிலும் காணலாம்.

பிறந்த தேதி வழக்குகள் வேறு வகையின. நம் நாட்டில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்களுள் மிகப்பலருக்குப் பிறந்த தேதி என்பது, முதல் வகுப்பில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் எழுதிய தேதியே. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தது என்று கொண்டு, அதற்கேற்ப மே மாதத்திலோ சூன் மாதத்திலோ ஒரு தேதி இடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஓய்வூதியமும் ஓய்வு நாளும் அந்தத் தேதியில் தொங்குகின்றன. பணி முடியும் தறுவாயில், 'நான் உண்மையில் இரண்டாண்டு இளையவன்' என்று மனுச் செய்வோர் பலராயினர். தமிழ்நாட்டு அரசுப் பணியாளர், பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மட்டுமே திருத்தம் கோரலாம் என்பது விதி. மத்திய அரசுப் பணியிலும் இதே கால வரையறை உண்டு. ஓய்வுபெறும் தறுவாயில் கொண்டுவரப்படும் கோரிக்கைகளை ஊக்குவிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இலும் 1994-இலும் உறுதியாகக் கூறியது. ஒருவர் இரண்டாண்டு நீடித்தால் அவருக்குக் கீழே பதவி உயர்வுக்குக் காத்திருப்போர் அனைவரும் இரண்டாண்டு பின்தள்ளப்படுவர் என்பது அதன் வாதங்களில் ஒன்று. இது நியாயமான வாதமே என்று கருதுகிறோம்.

தொழிற்சாலைகளில், 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய அரசின் மாதிரி நிலையாணைகள், தொழிலாளியின் வயதுக்குப் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புப் பதிவேட்டின் நகலையோ கேட்டன. அவை இல்லையேல் அரசு மருத்துவரின் சான்று, அதுவும் இயலாதபோது நீதிபதியின் முன் செய்யும் உறுதிமொழி என்று படிப்படியாய் இறங்கிவந்தன. எழுத்தறியாதவருக்கும் அந்த ஏணியில் கடைசிப்படி ஒன்று இருந்தது. ஆனால் நூறு பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொதுவாக அச்சட்டம் எட்டவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ இவ்வெண்ணிக்கையை முந்நூறாக உயர்த்திவிட்டது.

இவ்விடத்தில் ஆயர்களுக்கு நேரடியான பொறுப்பு ஒன்று உண்டு. பள்ளிச் சான்று இல்லாதோர் நம்மிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருகின்றனர். சிலர், பதிவேட்டில் உள்ளதைவிட இரண்டாண்டு குறைத்து எழுதித்தரும்படி வேண்டுகின்றனர். வேண்டுகிறவர் ஏழை, கேட்பதோ வயிற்றுப்பாட்டிற்காக. எனினும் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடியே தருவதன்றி நமக்கு வேறு வழியில்லை. ஒரு முறை மாற்றி எழுதினால், அப்பதிவேட்டிலுள்ள ஏனைய ஏழைகள் அனைவருடைய சான்றும் மதிப்பிழக்கும். ஒன்று மட்டும் செய்யலாம். அப்பதிவேடு ஞானஸ்நானம் பெற்ற நாளுக்கு நேரான சாட்சி, பிறந்த நாளுக்கோ பெற்றோர் சொன்னதன் சாட்சி. இவ்விரண்டையும் தனித்தனியே தெளிவாய் எழுதித் தந்து, மருத்துவச் சான்றுக்கு அவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

அரசே வேலைகொடுப்போராய் இருக்கும்போது நிகழ்வது விந்தையானது. ஆந்திரத்தில் 1983 பிப்ரவரியில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-இலிருந்து 55-ஆகக் குறைக்கப்பட்டது. 55-ஐக் கடந்திருந்தோர் ஒருங்கே வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். இளைஞருக்கு வேலை வேண்டும் என்ற காரணத்தை ஏற்று, உச்ச நீதிமன்றம் 1985-இல் அந்நடவடிக்கை செல்லும் என்றது. இதற்குள் 1984-இல் அரசு மீண்டும் 58-க்கே திரும்பிவிட்டது. இடையில் அகப்பட்டு வெளியேறியவர்கள் தனியே வழக்காடி, 1985-லேயே தங்களுக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றனர். தமிழ்நாட்டிலோ 58-ஆக இருந்த வயது 2020 மே மாதத்தில் 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 என அறிவிக்கப்பட்டது. மனிதரின் உடல் ஒன்பது மாதத்தில் வலுப்பெற்றுவிடவில்லை. எண் மாறியதற்கான காரணங்களுள் கருவூலத்தின் நிலைமையும் ஒன்று என்பது பலரும் பேசியதே.

பள்ளி ஆசிரியர் நியமனம் இன்னும் துயரமானது. 2013-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும் நியமனம் கிடையாமல் பல்லாண்டு காத்திருந்தோர் நம் சபைகளிலும் உள்ளனர். 2020-இல் நேரடி நியமனத்திற்கு உச்ச வயது பொதுப்பிரிவினருக்கு 40 என்றும் ஏனையோருக்கு 45 என்றும் வரையறுக்கப்பட்டது. காத்திருக்கச் செய்தவரே, காத்திருந்ததால் கூடிய வயதைக் காட்டிக் கதவை அடைத்தார். முறையீடுகளுக்கும் போராட்டங்களுக்கும் பின் 2021-இல் ஐந்தாண்டு தளர்வு வந்தது. 2023-இல் 53 என்றும் 58 என்றும் வரம்பு உயர்ந்தது. ஐம்பத்தெட்டில் நுழைந்து அறுபதில் வெளியேறுபவருக்கு இரண்டாண்டுச் சம்பளம் கிடைக்கும். இழந்த ஆண்டுகளுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

தனியார் நிறுவனங்களில் முறையீட்டைக் கையாளும் வழி பெரும்பாலும் சொல்லை மாற்றுவதாகும். ஸ்ரீபெரும்புதூரருகே ஐபோன்களை உருவாக்கும் பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்கள் வேலைக்குச் சேர்க்கப்படுவதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 சூன் மாதத்தில் வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஆள் சேர்க்கும் முகவர்கள் விளம்பரங்களில் வயது, பால், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடலாகாது என்று அந்நிறுவனம் பணித்ததாகவும் செய்தி வந்தது. இது ஒரு முன்னேற்றமே. ஆயினும், விளம்பரத்தில் வயது எழுதப்பட்டிருந்தபோது திண்டிவனத்துப் பெண் பஸ் செலவில்லாமலே தன் விதியை அறிந்துகொண்டாள். இப்போது வாயிற்கதவுவரை சென்று அறிந்துகொள்ள நேரிடுமோ என்று ஐயுறுகிறோம். எழுதப்பட்ட வரம்பை எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாததை என்ன செய்வது?

ஆட்குறைப்பைப் பொறுத்தவரை நமது சட்டம் முதியவருக்கு ஒரு காப்பை வைத்திருக்கிறது. கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேறவேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த நெறி. புதிய தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. இதனாலேயே வேலைகொடுப்போர் முதியவரை ஆட்குறைப்பு என்ற வழியில் அனுப்ப விரும்புவதில்லை. 'விருப்ப ஓய்வு' என்றும் ராஜிநாமா என்றும் பெயரிடுகின்றனர். அறையில் அமரவைத்து, தட்டச்சுச் செய்த கடிதத்தை நீட்டி, அன்றே கையொப்பம் வாங்கிவிட்டால் வழக்கு எழுவது கடினம். அமெரிக்கச் சட்டத்தில் 1990-இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்காகவே ஒரு விதியை வைத்தது. வயதுபற்றிய உரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுபவருக்கு யோசிக்கக் குறைந்தது 21 நாளும், கையொப்பமிட்டபின் மனம் மாறினால் திரும்பப்பெற 7 நாளும் தரவேண்டும். எளிய விதிதான். வீட்டில் மனைவி மக்களிடம் கலந்து பேச ஓர் இரவேனும் கிடைக்கிறது.

அந்நாட்டிலும் குறைகள் இல்லாமல் இல்லை. வயது பல காரணங்களுள் ஒன்றாயிருந்தது என்று காட்டினால் போதாது, அது இன்றேல் நீக்கம் நிகழ்ந்திராது என்று நிறுவவேண்டும் என 2009-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நமக்கு இன்னும் அண்மையானது 2020 சூலைத் தீர்ப்பு. கலிஃபோர்னியாவில் குவாதலூப்பே அன்னை பள்ளி என்னும் கத்தோலிக்கப் பள்ளியின் ஆசிரியை ஒருவர், வயதின் பொருட்டே தாம் நீக்கப்பட்டதாக வழக்கிட்டார். பணித்திறன் குறைவே காரணம் என்றது பள்ளி. எது உண்மை என்று நீதிமன்றம் ஆராயவே இல்லை. அவர் பிள்ளைகளுக்குச் சமயம் கற்பித்தவர், ஆகவே ஊழியக்காரரைப் போன்றவர், திருச்சபை தன் ஊழியக்காரரைத் தெரிந்துகொள்ளும் உரிமையில் அரசு தலையிடலாகாது என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், இருவர் உடன்படவில்லை.

திருச்சபையின் சுயாதீனத்தை நாமும் மதிக்கிறோம். ஆனால் அச்சுயாதீனம் உண்மையைக் கேளாதிருக்கப் பயன்படுமானால் அது யாருக்கு நன்மை? நம் தமிழில் 'ஊழியம்' என்ற சொல்லே இவ்விடத்தில் நம்மை இடறச் செய்கிறது. குருத்துவத்தையும் ஊழியம் என்கிறோம், விடுதியில் சோறு வடிப்பதையும் ஊழியம் என்கிறோம். சம்பளம் குறைவாயிருக்கும்போது 'இது ஊழியம்' என்கிறோம். வயது வந்துவிட்டபோதோ 'இது வேலை, விதிப்படி முடிந்தது' என்கிறோம். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர், பேராயர் ஓய்வு வயதை 67-இலிருந்து 70-ஆக உயர்த்தும் திருத்தம் 2022-இல் சினாடில் கொண்டுவரப்பட்டு, பின் நீதிமன்றங்களுக்குச் சென்றது. அதன் சரி தவறுகளுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. உபதேசியாரின் வயதைப்பற்றியும், வேதாகமப் பெண்மணியின் வயதைப்பற்றியும், கோயில்பிள்ளையின் வயதைப்பற்றியும் அத்தகைய சட்டத்திருத்தம் எதற்கும் யாரும் நீதிமன்றம் சென்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை என்பதை மட்டும் குறிக்கிறோம்.

திருமறையில் ஓய்வு வயதுபற்றிய ஒழுங்கு ஒன்று உண்டு என்பதை மாணவர்கள் சிலர் கவனித்திருக்கலாம். எண்ணாகமம் 4-ஆம் அதிகாரத்தில் லேவியரின் பணி முப்பது வயது முதல் ஐம்பதுவரை என்றும், 8-ஆம் அதிகாரத்தில் இருபத்தைந்து முதல் ஐம்பதுவரை என்றும் காண்கிறோம். முதல் ஐந்தாண்டு பயிற்சிக் காலம் என்று விளக்குவாரும் உளர். கூடாரத்தின் பலகைகளையும் தூண்களையும் பாதங்களையும் கழற்றிச் சுமந்து செல்லும் கடும்பணி அது. ஐம்பதாகும்போது அக்கடும்பணி நீங்குகிறது. ஆனால் மனிதர் நீக்கப்படுவதில்லை. காவற்பணியில் தம் சகோதரருக்குத் துணையாய் அங்கேயே இருக்கிறார். பிற்காலத்தில், 1 நாளாகமம் 23-ஆம் அதிகாரத்தின்படி, தாவீது தொடக்க வயதை இருபதாகக் குறைக்கிறார். இனிக் கூடாரத்தைச் சுமக்கவேண்டியதில்லை என்பதை அவ்வதிகாரமே காரணமாகத் தருகிறது. வயது வரம்பு சுமையினின்று பிறந்தது, சுமை மாறியபோது வரம்பும் மாறியது. நம் காலத்து வரம்புகளில் எத்தனை இவ்வாறு ஒரு சுமையைச் சுட்டிக்காட்ட வல்லவை? லேவியராகமம் 27-ஆம் அதிகாரம், பொருத்தனைக்காக மனிதரை மதிப்பிடும்போது அறுபதைக் கடந்தவருக்கு மதிப்பைக் குறைத்தே வைக்கிறது என்பதும் உண்மை. திருமறை முழுவதும் முதியோர் பக்கமே என்று பிரசங்கிப்போர் அதனையும் வாசித்துவிட்டுப் பேசுதல் நலம்.

இளையோரின் உரிமையை நாம் மறுக்கவில்லை. வேலையில்லாப் பட்டதாரி ஒருவர் வீட்டிலிருக்க, எழுபது வயதில் நாற்காலியை விடாதிருப்பவரைக் காப்பது நமது நோக்கமன்று. யாவரும் அறிந்த பொது வரம்பு, முன்னரே அறிவிக்கப்பட்டு, ஓய்வூதியமோ பணிக்கொடையோ உடன்வருமானால், அது அநீதியாகாது. நாம் பேசுவது, வரம்பும் இல்லாமல் கொடையும் இல்லாமல், 'இனி முடியாது' என்று பிறர் பார்வையினால் மட்டும் வெளியேற்றப்படுவோரைப்பற்றி. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்த பணியைக் கேட்டது. ஆகவே ஐந்து ஆண்டு நிறையுமுன் சில நாள் நிறுத்திப் புதிதாய்ச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் பரவியது. இருபது ஆண்டு உழைத்தவர் ஏட்டில் எப்போதும் புதியவராகவே இருக்கிறார்.

இறையியல் கல்லூரியிலிருந்து வெளியேறும் மாணவர்கள் பலர் சில ஆண்டுகளுக்குள் பள்ளித் தாளாளராகவோ விடுதிப் பொறுப்பாளராகவோ அமர்த்தப்படுவர். பொறுப்பேற்கும் நாளில் கட்டடங்களையும் வங்கிக் கணக்கையும் காட்டுவார்கள். ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள் அரசு மானியத்தின் பொருட்டு ஒழுங்காய் இருக்கும். சமையற்கூடத்திலும் வாயிற்காவலிலும் தோட்டத்திலும் பணிசெய்வோரின் பதிவேட்டைத் தரும்படி கேட்டால், வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொடுப்பார்கள். அதில் பெயரும் கையொப்பமும் இருக்கும், சில இடங்களில் பெருவிரல் ரேகை இருக்கும். சேர்ந்த நாள் இராது. அவர்களை ஒவ்வொருவராய் அழைத்து, எந்த ஆயரின் காலத்தில் வந்தீர்கள் என்று கேட்டு, சபை நடவடிக்கைக் குறிப்புகளோடு ஒத்துப்பார்த்து அந்நாளை எழுதி முடிக்க ஒரு வாரம் போதும்.